ஓலைப்பெட்டியின் விலை

இராமநாதபுரம் கடற்கரையின் மணற்பாங்கான ஊர்களில், வீட்டு வேலை முடிந்த பிற்பகலில் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டியின் விலை, ஓலையின் விலையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கக் கூடியதன்று. இன்னும் விரியாத இளம் ஓலையாகிய குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, நடுநரம்பாகிய ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, ஒடியாதிருக்க நீர் தெளித்துப் பதமாக்கிய பின்னரே முடைதல் தொடங்குகிறது. ஆதலால் உழைப்பின் பெரும்பகுதி பெட்டியில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடியின் சதுரம் மூலைகளில் மடிந்து சுவராக எழும் இடத்தில் கீற்றுகள் இடைவெளியின்றி இறுகியிருப்பதே தேர்ந்த கையின் அடையாளம். அவ்விறுக்கத்தின் அழகு சாயமேற்றிய கோலங்களைவிடவும் மேலானது, கருப்பட்டி வைக்கும் எளிய பெட்டியிலும் அதைக் காணலாம்.

மனநிறைவுக்காக மட்டும் முடைபவர் ஓலைக்காசு கிடைத்தால் போதுமென்று விற்பது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அதே சந்தையில் முடைதலையே பிழைப்பாகக் கொண்டவரின் கூலியை அது தாழ்த்திவிடுகிறது. ஆகவே பொழுதுபோக்காக முடைபவரும் கூலியைக் கணக்கிட்டே விலை சொல்வது நேர்மை. உற்றாருக்குக் கொடுக்க விரும்பினால் விலையின்றியே கொடுக்கலாம். அண்டையிலுள்ள செட்டிநாட்டில் இதே பனையோலையால் முடையப்படும் கொட்டான், ஒரு பொருளை அதன் ஊர்ப்பெயரோடு பிணைத்துக் காக்கும் சட்ட ஏற்பாடாகிய புவிசார் குறியீட்டைப் பெற்றுள்ளது; இராமநாதபுரத்துப் பெட்டியும் அத்தகைய மதிப்புக்கு உரியதே.