பையனை விடுங்கள், சிமெண்டைப் பாருங்கள்

காஞ்சிபுரத்தில் ஸ்கேட்டிங் என்றால் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். நான்கு சக்கர ஷூ, முழங்காலுக்கு உறை, கண்ணைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்து வாங்கும் ‘உலக சாதனை’ சான்றிதழ். நான் சொல்ல வருவது ஸ்கேட்போர்டு. அதிலும் பலகையைவிட அது ஓடும் கான்கிரீட் களம், ஸ்கேட்பார்க். நம் ஆட்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. வந்தாலும் யாராவது விழுகிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

இதற்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. மாமல்லபுரம் 2019 நவம்பர் வரை நம் மாவட்டம்தான். அந்த ஊர்ச் சிறுமி கமலி மூர்த்தி வெறுங்காலோடு, கவுன் போட்டுக்கொண்டு பலகையில் இறங்கும் படத்தை ஸ்கேட்போர்டு ஜாம்பவான் டோனி ஹாக் பகிர்ந்தார், உலகம் பார்த்தது. சாஷா ரெயின்போ இயக்கிய ‘கமலி’ 2020இல் பாஃப்டாவின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவில் பரிந்துரையானது. அந்த ஆண்டு அந்த விருதை வென்றதும் காபூல் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்கும் படம்தான். விமர்சகர்கள் கவுனைப் பற்றி எழுதினார்கள், அம்மாவின் போராட்டத்தைப் பற்றி எழுதினார்கள், பெண் விடுதலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எல்லாம் சரிதான். அந்தப் பெண் எதன்மேல் ஓடினாள், அதை யார் எப்படிக் கட்டினார்கள்? நான் படித்தவரை ஒருவரும் மூச்சு விடவில்லை.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுவோம். வளைந்து எழும் சுவர் குவாட்டர் பைப். இரண்டு எதிரெதிரே நின்றால் ஹாஃப் பைப். சுற்றிலும் சூழ்ந்தால் பௌல். சுவர் உச்சியில் பதித்த இரும்புக் குழாய் கோப்பிங். படி, கைப்பிடிக் கம்பி, திண்ணை உயர மேடை எல்லாம் ஸ்ட்ரீட் பகுதி. மீதி போகப் போகத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சரிவு வேறு, வளைவு வேறு. இது பிடிபடாதவரை ஸ்கேட்பார்க்கைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

சரிவு என்பது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் சாய்தளம். எந்த மேஸ்திரியும் கட்டுவார். வளைவு என்பது வட்டத்தின் ஒரு துண்டு. சுவர் 4 அடி உயரம் என்றால் ஆரம் 7 அடி வைக்கலாம். அடியிலிருந்து உச்சிவரை அந்த ஆரம் மாறக்கூடாது. வளைவுக்குள் நுழையும்போது மடக்கிய முழங்காலை நிமிர்த்தினால் வேகம் கூடும். தரையை உதைக்கவே வேண்டாம். தேர்ந்தவர்கள் கால் கீழே படாமல் பௌலைச் சுற்றி வந்துகொண்டே இருப்பது இதனால்தான். நேர்ச்சரிவில் இது பலிக்காது. சரிவு தொடங்கும் முனையில் ஒரு இடி, முடிவில் ஒரு இடி, அவ்வளவுதான். கண்மதிப்பில் கட்டிய வளைவு இன்னும் மோசம். பார்வைக்கு வளைவாகத்தான் தெரியும். கால் நம்பி அழுத்தும், பாதி வழியில் சுவர் திடீரென்று நிமிர்ந்துவிடும். (வேண்டுமென்றே ஆரத்தை மாற்றிக் கட்டும் வல்லவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது.)

பட்டுப்புடவையில் ஜரிகையைப் பார்த்து மயங்குபவர் வெளியூர்க்காரர். நாம் உடலும் கரையும் சேரும் கோர்வையைத் திருப்பிப் பார்ப்போம். ஸ்கேட்பார்க்கில் கோர்வை, தரையும் வளைவும் தொட்டுக்கொள்ளும் கோடு. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் தடவுங்கள். விரலில் தட்டினால் வேலை சுத்தமில்லை. தடவ யோசனையாக இருந்தால் காதால் பாருங்கள். நல்ல சேர்ப்பில் சக்கரச் சத்தம் அறுபடாமல் மேலே போகும். கெட்டதில் ‘டக்’ என்று ஒன்று கேட்கும். ரீல்ஸில் பாட்டைப் போட்டு இந்தச் சத்தத்தைத்தான் முதலில் அழித்துவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டைக் கொண்டுவருவது லேசில்லை. ப்ளைவுட்டில் ஆரத்தை வரைந்து அறுத்து நிறுத்தி, மண்ணை அந்த வளைவுக்கு இடித்துக் கெட்டிப்படுத்தி, கம்பி கட்டி, கலவையைப் போட்டு, வளைந்த பலகையால் இழுப்பார்கள். தண்ணீர் கூடினால் கலவை வழிந்து அடியில் குவியும். குறைந்தால் ஜல்லி பல்லைக் காட்டும். பிறகு மணியாஸ் கட்டை, கடைசியில் எஃகுக் கரண்டி. நம் வெயிலில் கரண்டி போடுவதற்குள் இறுகிவிடும் என்பதால் விடியுமுன் ஆரம்பித்தால்தான் உண்டு. கரண்டி பிடிப்பவர் தானே பலகையில் ஏறுபவராக இருந்துவிட்டால் அந்த வேலையே தனி. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பர்ன்சைடு பாலத்தடியில் 1990இல் யாரையும் கேட்காமல் ஸ்கேட்டர்களே கட்டத் தொடங்கினார்கள், நகராட்சி பிற்பாடு தலையாட்டியது. பெங்களூரில் ஹோலிஸ்டோக்ட் குழு 2013இல் லீவைஸ் உதவியோடு கட்டியது. மத்தியப் பிரதேசத்து ஜன்வார் கிராமத்தில் உல்ரிகே ரெய்ன்ஹார்ட் முயற்சியில் 2015இல் ஒன்று எழுந்தது. பள்ளிக்குப் போகாதவருக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதல் உரிமை என்பது அங்கே சட்டம். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அபார்ட்மெண்ட் விளம்பரத்துக்காக மாட்டிவைக்கும் தகர ராம்ப்பைப் பார்த்து ‘வாவ்’ போடுபவர்களை என்ன சொல்ல?

லண்டன் அருகே ஹார்ன்சர்ச்சில் 1978இல் கட்டிய ‘ராம்’ ஸ்கேட்பார்க்கை 2014இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நம் ஊரில் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் ஏற்கெனவே ஏராளம். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். காஞ்சியில் ஒரு பௌலுக்கு இடம் தேடுவதே பெரும்பாடு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். என்றாவது இடம் கிடைத்து வேலை நடந்தால் நீங்களும் வந்து நில்லுங்கள். பௌலின் பள்ளத்தில் தண்ணீர் போக வழி வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். மறந்திருந்தால் ஐப்பசி மழைக்குக் கொசு வளர்க்கத்தான் ஆகும். பிறகு மேஸ்திரி கையைக் கவனியுங்கள். ஈரச் சிமெண்டில் கயிறு அழுத்திக் கட்டம் போட வருவார். அந்தக் கோட்டில் 52 மில்லிமீட்டர் சக்கரம் ஏறினால் பலகை முழுக்கத் தடதடவென்று அதிரும். “கட்டம் போடலைன்னா வழுக்கும் சார்” என்பார். கயிற்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.