கரையைப் பாருங்கள்

சங்கரன்கோவில் கடைத்தெருவில் சேலை எடுக்க வருகிற நம் ஊர்ப் பெண்மணி, தறிச் சத்தத்திற்கிடையே பிறந்து வளர்ந்தவளாகையால், கடைக்காரர் விரித்துக் காட்டுகிற சேலை உடலின் நிறத்திலும் பூவேலையிலும் எளிதில் மயங்கிவிடாமல், முதலில் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கரையின் நெசவைத்தான் பரிசோதிப்பாள். இந்தியக் கால்பந்தின் தலைமைப் போட்டியாக இன்று விளங்கும் இந்தியன் சூப்பர் லீகை ரசிக்க விரும்புகிறவருக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த லீகைப் பற்றி நம்மவர் சொல்லும் குறை புதியதன்று. இங்கிலாந்து ஆட்டங்களின் வேகத்திற்குக் கண் பழகிய இளைஞர்கள், மாலை ஏழரை மணிக்குத் தொலைக்காட்சியில் நம் நாட்டு ஆட்டம் தொடங்கியதும் பத்து நிமிஷம் பார்த்து, “பாஸே சரியில்லை” என்று தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பொய்யென்று வாதாட நான் வரவில்லை. நடுக்களத்தில் பந்து தவறிப்போவது பிரத்தியட்சம். ஆனால் பந்து எங்கே தவறுகிறதோ அங்கேயே கண்ணை நட்டுக்கொண்டிருப்பானேன்?

சேலையின் கரையைப் போன்ற களத்தின் ஓரங்களைப் பாருங்கள்; நம் வீரர்கள் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. 2014 அக்டோபர் 12ஆம் தேதி, கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில், எட்டு அணிகளோடு இந்த லீக் தொடங்கியபோது, களத்தில் இறங்கும் 11 பேரில் 6 பேர்வரை அந்நிய நாட்டவராக இருக்கலாம் என்று விதி இருந்தது. 2017-18 பருவத்தில் அது 5 ஆயிற்று. 2021-22 முதல் 4 ஆகக் குறைந்தது. எண்ணிக்கை குறைந்ததே தவிர, அணியை நடத்துவோரின் மனோபாவம் அவ்வளவாக மாறவில்லை. பெருந்தொகை கொடுத்துக் கடல் கடந்து வரவழைத்த ஒருவரை, கோல் அடிக்க வேண்டிய முன்னணியின் மத்தியிலோ, அவருக்குப் பந்து ஊட்டும் ஸ்தானத்திலோ, கோல் விழாமல் காக்கும் பின்னணியின் மத்தியிலோ நிறுத்துவார்களேயன்றி, ஓரக்கோட்டருகே நிறுத்தி வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஆகவே இரு ஓரங்களும் பெரும்பாலும் நம்மவருக்கே மிஞ்சின. சுனில் சேத்ரி கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்டு முன்னணியில் நிலைத்தது அபூர்வமான விலக்கு. அவருக்கு ஒரு வாரிசு கிடைக்காமல் தேசிய அணி தவிப்பதற்கும் இந்த ஏற்பாடே பெரிதும் காரணம் என்பேன்.

ஓரங்கள் நம்மவருக்கே மிஞ்சியதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐ-லீகும் சூப்பர் லீகும் சரிசமமாகத் தலைமை கொண்டாடிய காலத்தில், 2018-19 பருவத்தில், ஐ-லீகின் பட்டத்தை வென்றது கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தாய்வீடாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி அணி. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அந்த அணியில், முன்னணியில் பெட்ரோ மான்சி, அவருக்குப் பின்னால் நெஸ்டர், நடுக்களத்தில் சாண்ட்ரோ, பின்னணியில் எஸ்லாவா என்று, ஸ்பெயினில் ஆடிப் பழகிய நால்வர் முதுகெலும்பைப் போல் ஒரே நேர்கோட்டில் நின்றார்கள். மான்சி அந்தப் பருவத்தில் அடித்த 21 கோல்களை ஊரெல்லாம் பேசியது, நியாயந்தான். ஆனால் வலது ஓரத்தில் ரொமாரியோ ஜேசுராஜ் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிரியின் ஓரத்துக் காவலரான பேக்கை நோக்கி நேரே ஓடிய ஓட்டத்தையும், அஜித்குமார் காமராஜ் காவலையும் தாக்குதலையும் மாறிமாறிச் சுமந்த உழைப்பையும் கண்டு களித்தவர்களுக்கு, அந்த வெற்றியின் மற்றொரு பாதி புலப்பட்டிருக்கும். 2019 மார்ச் 9ஆம் தேதி, கடைசி ஆட்டத்தில், இடைவேளைவரை மினர்வா பஞ்சாபுக்கு ஒரு கோல் பின்தங்கியிருந்து, மான்சியின் பெனால்டியாலும் கௌரவ் போராவின் இரண்டு கோல்களாலும் 3-1 என்று மீண்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் முந்திய அந்த மாலையை நம் மாநிலம் உரிய அளவுக்குக் கொண்டாடவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து சூப்பர் லீகுக்குப் போனவர்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் இந்த உண்மை இன்னும் துலங்கும். குமரி மாவட்டத்துக் கடற்கரையில், மணலிலேயே பந்தாடிப் பழகும் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இடது ஓரத்து வீரர். 2019-20 பருவத்தில் ஏ.டி.கே. அணியின் பயிற்சியாளர் ஹபாஸ், பின்னணியில் மூவரை மட்டும் நிறுத்தி, ஓரம் முழுவதையும் இருபுறத்திலும் ஒவ்வொருவரிடம் ஒப்படைத்தபோது, இடப்புறம் சூசைராஜின் பொறுப்பாயிற்று; அந்த ஆண்டு அந்த அணியே பட்டம் வென்றது, அதுவும் நம் சென்னையின் எப்.சி.யைத் தோற்கடித்து. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், தொடங்கிச் சில நிமிஷங்களிலேயே, முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேற நேர்ந்தது இந்த விளையாட்டின் குரூரங்களில் ஒன்று. சென்னைக்காரரான நந்தகுமார் சேகரும் ஓரத்து வீரர்தான். லீகுக்குப் புறம்பானதாயினும் அவருடைய ஒரு கோலைச் சொல்லாமல் விட மனமில்லை: 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி டூரண்டு கோப்பையில், நான்கரை ஆண்டுகளாக மோகன் பகானை வெல்ல முடியாதிருந்த ஈஸ்ட் பெங்காலுக்காக, ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டி, அவர் வளைத்தடித்த பந்து ஒன்றே ஆட்டத்தை முடித்தது. நம் வீரர்களில் நடுவே நின்று பேர் பெற்றவர் என்றால் வியாசர்பாடியின் தனபால் கணேஷைச் சொல்லலாம். 2018இல் சென்னையின் எப்.சி. பட்டம் வென்றபோது, எதிரியின் தாக்குதலை முளையிலேயே கிள்ளும் அலங்காரமற்ற வேலை அவருடையது.

இனிப் பார்க்கும் முறைக்கு வருவோம். தொலைக்காட்சியின் கேமரா பந்தின் அடிமை. பந்து இடப்புறம் போனால் வலப்புறம் திரையிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே மறைந்ததை மனத்தால் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். பந்து ஓரத்து வீரரின் காலுக்கு வந்ததும், அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்கும் அதே அணியின் பேக் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்: அந்த பேக் வெளிப்புறமாகச் சுற்றி முன்னே பாய்ந்தால், எதிரியின் காவலர் யாரைத் தடுப்பது என்று ஒரு கணம் திகைப்பார், அந்தத் திகைப்பில்தான் உள்ளே வெட்டுவதற்கு வழி திறக்கிறது. ஆனால் பாய்ந்து போன பேக் திரும்பி வரும்வரை அவர் விட்டுச்சென்ற இடம் காலியாகவே கிடக்கும்; கெட்டிக்கார அணி பந்தைப் பறித்த மறுகணமே அந்தக் காலி இடத்திற்குத்தான் அதை அனுப்பும். நம் லீகின் கோல்கள் பல இப்படி ஓர் ஓரத்தின் துணிச்சலாலோ அதே ஓரத்தின் அசட்டையாலோ பிறப்பவை. முதல் இருபது நிமிஷத்தில் எந்த பேக் மூச்சு வாங்குகிறார் என்று குறித்து வைத்துக்கொண்டால், எழுபதாம் நிமிஷத்தில் ஆபத்து எங்கிருந்து வரும் என்பதை வர்ணனையாளருக்கு முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

கார்னரும் ஓரத்தின் குழந்தையே. 2018 மார்ச் 17ஆம் தேதி பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில், எதிரணியான பெங்களூருவின் சேத்ரி ஒன்பதாம் நிமிஷத்திலேயே கோல் அடித்து உள்ளூர் ஜனத்திரளை ஆரவாரத்தில் ஆழ்த்திய பிறகு, சென்னையை மீட்டவை மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்கள். இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. முட்டியவரைப் படம் பிடித்தார்கள்; ஓரத்தில் போராடி அந்தக் கார்னர்களைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

புள்ளிப் பட்டியலையும் ஒரு கண் பார்த்து வருவது நல்லது. 2019-20 முதல், பட்டியலில் முதலிடம் பெறும் அணிக்குக் கேடயமும், அதன்பின் நடக்கும் வெளியேற்று ஆட்டங்களில் வெல்வோருக்குக் கோப்பையும் தனித்தனியே கொடுத்து வந்தார்கள். கோப்பைக்குக் கிடைத்த ஆரவாரம் கேடயத்துக்குக் கிடைத்ததில்லை. பல மாதப் பிரயத்தனத்தின் பலன் அதுவே ஆகையால் என் மரியாதை கேடயத்துக்குத்தான். ஆனால் 2015ஐ நினைத்தால் அந்தக் கொள்கையும் ஆட்டங்காண்கிறது. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த சென்னையின் எப்.சி., மேலேறி வந்து, பெருவெள்ளத்தால் சொந்த ஊரில் அரையிறுதி ஆட இயலாமல் புனேயில் ஆடி, பிறகு கோவாவில் இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷங்களில் 1-2 என்று பின்தங்கியும், சமன் கண்டு, மெண்டோசாவின் கோலால் 3-2 என்று வென்றது. 2025இல் நிருவாக ஒப்பந்தச் சிக்கலால் புதிய பருவம் குறித்த காலத்தில் தொடங்காமல் போனபோது, இப்படிப்பட்ட பழைய ஆட்டங்களைத் திரும்பப் பார்த்துத்தான் பல ரசிகர்கள் பொழுது போக்கினார்கள்.

நேரில் காண விரும்புவோர் பொதிகை ரயிலேறிச் சென்னைக்குப் போகலாம். ஆனால் தூரத்தைக் கணக்கிட்டால், செங்கோட்டை வழியாகக் கொச்சியின் கலூர் மைதானமே நமக்கு மிகவும் அண்மை. அங்கே உள்ளூர் அணிக்காக மஞ்சள் உடை தரித்த கூட்டத்தின் நடுவே சென்னை அணிக்குக் கைதட்டுவதற்குச் சற்றே மனோதைரியம் வேண்டும் என்பதை எச்சரித்துவிடுகிறேன். சென்னை நேரு அரங்கில் ஓட்டப் பாதை குறுக்கே கிடப்பதால் கீழ்வரிசையில் அமர்ந்தவருக்கு ஓரக்கோடு எட்டத்தில் தட்டையாகத் தெரியும். முதற்பாதியில் கண்ணெதிரே ஓடும் ஓரத்து வீரர், இடைவேளைக்குப் பின் திசை மாறியதும் எதிர்ப்பக்கம் போய்விடுவார். காவலர்களின் கால்கள் சோர்ந்து அவருடைய வித்தை பலிக்கும் வேளையும் அதுதான். அவர் எந்தப் பாதியில் நம் பக்கம் வருவார் என்பது நடுவர் நாணயம் சுண்டும்வரை தெரியாது. ஆகையால் மேலடுக்கில், நடுக்கோட்டுக்கு நேரே சீட்டு வாங்கிக்கொள்வதே உசிதம்.