வரலாற்றுக்குப் பரிசு, ஆங்கிலத்துக்கு வாசல்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் பழைய ஆட்கள் இன்னமும் 'நீ சூன்' என்பார்கள். ரப்பர், அன்னாசி வணிகத்தில் பெரும்புள்ளியான லிம் நீ சூனின் பெயர் அது, தியோச்சூ உச்சரிப்பில். மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆன பிறகு, அது ஓர் ஆளின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வரலாற்றுப் பரிசை நினைக்கும்போது எனக்கு இந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும்: மொழி மாறியதும் உள்ளிருந்த ஆள் மறைந்துபோன பெயர்.

2014-இல் அறிவிக்கப்பட்ட பரிசு. மூன்றாண்டுக்கு ஒரு முறை, 50,000 வெள்ளி. 2018-இல் முதற்பரிசு ஜான் மிக்ஸிக்கின் நூலுக்குப் போனது. ராஃபிள்ஸ் வந்த 1819-க்கு ஐந்து நூற்றாண்டு முன்பே இங்கே துறைமுகம் இருந்ததை, தோண்டியெடுத்த பானையோடுகளைக் கொண்டு நிறுவியவர் அவர். ஆனால் அவர் அதே பல்கலைக்கழகப் பேராசிரியர், நூலும் அதன் பதிப்பகத்துடையது. தகுதியான நூல்தான், இருந்தாலும் முதல் முறையே வீட்டுக்குள் பந்தி வைத்ததுபோல் ஆயிற்று.

அடுத்த இரண்டு முறை அந்தக் குறை தீர்ந்தது. 2021-இல் கம்போங் கிளாம் பற்றி எழுதிய ஹிதாயா அமீன், அங்குள்ள கெடுங் கூனிங் மாளிகையில் பிறந்தவர். 2024-இல் கிர் ஜொஹாரி, சிங்கப்பூர் மலாய்க்காரர்களின் உணவைப் பற்றிய நூலுக்காக வென்றார். சமையலறையும் வரலாற்று ஆவணமே என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமல்ல.

ஆட்களுக்கு அகலத் திறந்த கதவு மொழிக்குத் திறக்கவில்லை. நூல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்', 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய இதழ்களைப் புரட்டி ஒருவர் தமிழிலேயே வரலாறு எழுதினால், மொழிபெயர்ப்புச் செலவை முதலில் யார் போடுவது? தமிழ் நூல் முந்நூறு பிரதி விற்றாலே மகிழும் நிலையில் இருக்கிறோம்.

சிங்கப்பூர் இலக்கியப் பரிசைப்போல மொழிவாரியாகப் பிரிப்பதும் எனக்கு உவப்பில்லை. அதில் தமிழ் நூல் தமிழ் நூலோடு மட்டுமே மோதும். மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பொது மேடை வேண்டும், அதற்கு நான்கு மொழியும் வாசிக்கும் நடுவர் குழு வேண்டும். அதுவரை, இறுதிப் பட்டியலில் வரும் பிறமொழி நூலுக்கு மொழிபெயர்ப்புச் செலவைப் பல்கலைக்கழகமே ஏற்கட்டும்.

கணக்குப்படி அடுத்த பரிசு 2027-இல். விதியை மாற்ற இன்னும் நேரமிருக்கிறது.