குடுவைக்குள் ஜெயித்த சிலிக்கா

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். புற்றுநோய் செல்லை மட்டும் தேடிப்போய் மருந்தை இறக்கும் நானோ துகள் பற்றியது. கீழே ஒரே வரி: "அம்மாவுக்கு இது எங்க கிடைக்கும்?" பதில் எழுதும் முன் மூலக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு குறை மனதில் நின்றுவிட்டது.

விஷயம் அழகானதுதான். 1992ல் மொபில் எண்ணெய் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் எம்சிஎம்-41 என்ற சிலிக்காவை அறிவித்தார்கள். சோப்பு மாதிரியான மூலக்கூறுகள் தண்ணீரில் குச்சி குச்சியாக அடுக்கிக்கொள்ளும். சுற்றிலும் சிலிக்கா இறுகும். பிறகு சூடாக்கி சோப்பை எரித்துவிட்டால், தேன்கூடு போல சில நானோமீட்டர் அகலத் துளைகள் மிஞ்சும். ஒரு கிராம் தூளுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு, நம்ம ஊர் கணக்கில் நாலரை கிரவுண்டு!

2001ல் மாட்ரிட்டில் மரியா வாலெட்-ரெஹியின் குழு அந்தத் துளைகளில் இபுப்ரூஃபனை அடைத்து, அது மெதுவாக வெளியேறுவதைக் காட்டியது. 2003ல் அமெரிக்காவில் விக்டர் லின் குழு துளை வாயில் காட்மியம் சல்ஃபைடு மூடி போட்டது. குறிப்பிட்ட வேதிப்பொருள் பட்டால் மூடி கழன்றுவிடும். அப்புறம் அமிலத்துக்குத் திறக்கும் கதவு, ஒளிக்குத் திறக்கும் கதவு என்று வரிசையாக வந்தன.

என் குறை இங்கேதான். இப்படிப்பட்ட கட்டுரைகளில் பல, கதவு திறந்ததை உப்புக் கரைசலிலோ செல் வளர்ப்புத் தட்டிலோ காட்டிவிட்டு, "புற்றுநோய் சிகிச்சைக்கு" என்று முடிக்கின்றன. எங்க தொழிலில் இதற்கு "என் மெஷின்ல ஓடுதே" என்று பேர். ரத்தம்தான் புரொடக்‌ஷன் சர்வர்.

அங்கே என்ன நடக்கிறது? 2013ல் டப்ளின் ஆய்வாளர்கள், செல்லை அடையாளம் காண டிரான்ஸ்ஃபெரின் புரதம் ஒட்டிய சிலிக்கா துகள்களைச் சோதித்தார்கள். சீரத்தில் போட்டதும் மற்ற புரதங்கள் மேலே படிந்து, இலக்கை அறியும் திறனே போய்விட்டது. விலாசத்தின் மேல் போஸ்டர் ஒட்டின கதை. 2016ல் டொரண்டோவின் வாரன் சான் குழு, பத்து வருடக் கட்டுரைகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டது. ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். இது எல்லா வகைத் துகளுக்குமான கணக்கு, சிலிக்காவுக்கு மட்டும் இல்லை. ஆனாலும் ஆயிரத்தில் ஏழுதான். மிச்சம் பெரும்பாலும் ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்வது.

சிலிக்காவை வில்லனாக்க வேண்டாம். நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா படிக வடிவம். இது படிகமில்லாத வகை, உடம்பில் மெல்லக் கரையும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் சிலிக்கா புள்ளிகளை மெலனோமா நோயாளிகள் ஐந்து பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2014ல் வந்தது. பாதுகாப்பில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் கவனியுங்கள்: அதில் துளையும் இல்லை, கதவும் இல்லை, மருந்தும் இல்லை. படம் எடுக்க உதவும், சிறுநீரகம் வழியே வெளியேறும் அளவுக்குப் பொடி. எளிமையானது மனிதர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இனி இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: எதில் சோதித்தார்கள்? தட்டா, எலியா, மனிதரா? செய்தி எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேருக்கு ஏமாற்றம் மிச்சம்.

நண்பருக்கு இப்படி எழுதினேன்: "இது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரலைங்க. டாக்டர் கொடுக்கிற மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."