தலைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ்

பழைய வீட்டை விலைக்குப் பார்க்கப் போனால், தரகர் கிணற்றையும் கொல்லையையும் காட்டிக்கொண்டிருக்கும்போதே நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிடுவேன். கும்பகோணத்துத் தெருவோ, மயிலாப்பூர்ச் சந்தோ, எண்பது தொண்ணூறு வருஷத்து மாடி வீடு என்றால் மேலே பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். கான்கிரீட்டும் கிடையாது, சென்ட்ரிங் பலகையும் கிடையாது. வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டமாக அடுக்கியிருப்பார்கள்.

அந்த மூலைவாட்டத்தில்தான் சூட்சுமம். அறையின் ஒரு மூலையில் வேலையைத் தொடங்கினால், வைக்கிற ஒவ்வொரு கல்லும் முன்பு வைத்த கல்லோடு சுண்ணாம்புக் காரையால் ஒட்டி நின்றுகொள்ளும். கீழே முட்டு வேண்டாம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு. பெயின்ட் பூசி மறைக்காத வீட்டில் கூடத்தில் படுத்தபடி பார்த்தால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரியும். இந்த வீடு எப்படி நிற்கிறது என்பதைக் கூரையே சொல்லிவிடும். புது ஃப்ளாட்டில் எல்லாம் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போய்விடுகிறது. கட்டியவர் சொல்வதை நம்பிக் காசு கொடுக்க வேண்டியதுதான்.

சுவரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுண்ணாம்புக் காரை காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறுகிறது. பல வருஷம் எடுக்கும் வேலை அது. அப்படி இறுகிய சுவரைத்தான் பழைய வீட்டோடு சேர்த்து நாம் வாங்குகிறோம்.

கதவைச் சொல்லாமல் விட மனசு வராது. வாசல் நிலையில் கீல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நல்ல பழைய கதவில் இருக்காது. கதவுப் பலகையின் ஓரத்திலேயே மேலும் கீழும் உருண்டையாக ஒரு முனை விட்டுச் செதுக்கியிருப்பார் ஆசாரி. அதுதான் குடுமி. மேலே நிலையிலும் கீழே படியிலும் உள்ள குழிகளில் அது உட்கார்ந்து சுழலும். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கதவை ஒரு குழந்தை விரலால் தள்ளித் திறக்கும். ஜன்னல்களுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என நாலு கதவு. கீழ் ஜோடியைச் சாத்தி மேல் ஜோடியைத் திறந்துவைத்தால் தெருவில் போகிறவர் கண் உள்ளே வராது, காற்று வரும். வெயிலும் புழுக்கமும் அறிந்த ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

இவற்றின் அருமை தெரிந்தவர்களும் இன்று ஒரு காரியம் செய்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பர்மா தேக்குத் தூண்களும் செதுக்கு நிலைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பல, இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தாகிவிட்டது; ஆனாலும் வீடுகள் உதிரியாகப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. புது வில்லாவின் போர்ட்டிகோவில் நிறுத்திய அந்தத் தூண் எதையும் தாங்குவதில்லை. தாழ்வாரத்துச் சாய்ப்பைத் தாங்கி, முற்றத்து மழையில் நனையாமல் நின்றபோதுதான் அதற்கு அந்த உயரமும் அந்தப் பருமனும் பொருந்தின. வசதி உள்ளவர்கள் தூணை வாங்குவதை விட்டு வீட்டை வாங்க வேண்டும். பெரிய மாளிகை வேண்டாம், இரண்டு கட்டு வீடே போதும்.

பார்த்துத்தான் வாங்க வேண்டும். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் கட்டை சுவருக்குள் புதைகிற முனையில் மழைத்தண்ணீர் இறங்கினால் தேக்கும் உளுத்துப்போகும். அந்த இடத்தைத் தட்டி, ஓசை கணீரென்று வருகிறதா, பொத்தென்று வருகிறதா என்று கேளுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேர் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். பூர்வீக வீடாக இருந்தால் தாய்ப்பத்திரமும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சுண்ணாம்புச் சுவர் ஏற்கெனவே சிமென்ட் பூசப்பட்டுக் கிடந்தால் பயந்து திரும்ப வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல்தான் அந்தப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வயரிங்கை முதலில் மாற்றிவிட்டு, அடுத்த செலவாக அந்தச் சிமென்ட்டைக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். அதன்பிறகு சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.