சோனி ஆர்எக்ஸ்100 எம்3: எதை மாட்டலாம், எதை விட்டுவிடலாம்

2014இல் வந்த கேமராவுக்கு இப்போது எதற்குத் துணைக்கருவி விமர்சனம் என்று கேட்கலாம். ஆர்எக்ஸ்100 வரிசை செகண்ட் ஹேண்டில் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வாங்கியவர் அடுத்துத் தேடுவது உறை, பேட்டரி, ஃபில்டர், குட்டி ட்ரைபாட். ஆன்லைன் கடையில் மாடல் பெயரை அடித்தால் நூறு சாமான் வந்து விழுகிறது. அதில் முக்கால்வாசி இந்தக் கேமராவுக்குத் தேவையே இல்லாதது.

முதலில் கேமராவைப் பற்றி நாலு வரி. ஒரு இஞ்ச் சென்சார், 20.1 மெகாபிக்ஸல், 24–70 மி.மீ.க்குச் சமமான ஜூம், எஃப்1.8–2.8 லென்ஸ். பேட்டரி, கார்டு சேர்த்து 290 கிராம். தடிமன் 41 மி.மீ. சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். பேண்ட் பையில் கச்சிதமாக உட்காரும். இதன் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. பெரிய கேமராவை வீட்டில் விட்டுவிட்டுப் போகும் நாட்களிலும் இது கூடவே வரும். ஆகவே எந்தத் துணைக்கருவியையும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுத்தான் சேர்க்கிறேன்: இதை மாட்டிய பிறகும் கேமரா பைக்குள் போகுமா? போகாது என்றால், ஒரு நொடியில் கழற்ற முடியுமா? இரண்டுமே இல்லையென்றால், எவ்வளவு நல்ல சாமானானாலும் வேண்டாம்.

இந்தக் கேள்வியில் முதலில் தேறுவது கைப்பிடி. கேமராவின் முன்பக்கம் வழவழப்பான அலுமினியம். விரல் பிடிக்க ஒரு மேடுகூடக் கிடையாது. சென்னை வேர்வையில் இதை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து ஜன்னலுக்கு வெளியே நீட்ட எனக்குத் தைரியம் வராது. ஏஜி-ஆர்2 என்ற ஒட்டுக் கைப்பிடியைச் சோனியே விற்கிறது. விரல் அகலத்தில் ஒரு ரப்பர் துண்டு, அவ்வளவுதான். ஒட்டிய பிறகு கேமரா வேறு கேமராவாகிவிடும், பைக்குள்ளும் தடங்கலில்லாமல் போகும். ஒரிஜினல் கிடைக்கவில்லையா, விலை உறுத்துகிறதா? விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைக்குப் போடும் ரப்பர் கிரிப் வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நல்ல டபுள் சைடு டேப்பில் ஒட்டிக்கொள்ளலாம். பார்க்க அழகில்லை. பிடிக்க ஒரிஜினலைவிட மோசமுமில்லை. கூடவே மணிக்கட்டில் மாட்டும் கயிறு ஒன்று. கழுத்துப் பட்டை இந்த எடைக்குத் தேவையில்லாத அலங்காரம்.

அடுத்தது பேட்டரி. இங்கேதான் ஏமாற்று அதிகம். இதன் பேட்டரி என்பி-பிஎக்ஸ்1, 3.6 வோல்ட், 1,240 மில்லி ஆம்பியர் மணி. தர அளவீட்டின்படி ஒரு சார்ஜுக்கு 320 படங்கள். வீடியோவும் எடுத்து, வியூஃபைண்டரையும் தூக்கி வைத்துக்கொண்டு, எடுத்த படத்தை நொடிக்கொரு தரம் பார்க்கிற பழக்கமும் இருந்தால் அந்த எண்ணிக்கையை நம்பிக் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பக் கூடாது. உபரி பேட்டரி அவசியம். முதல் ஆர்எக்ஸ்100 தொடங்கி ஏழாவது மாடல் வரைக்கும், இசட்வி-1க்கும் இதே பேட்டரிதான் என்பதால் பழைய மாடல் என்ற தட்டுப்பாடு இல்லை.

வேற்றுக் கம்பெனி பேட்டரி வாங்கலாமா? வாங்கலாம், லேபிளைப் படிக்கத் தெரிந்தால். அதே அளவு பெட்டிக்குள் 1,900 என்று அச்சடித்திருந்தால் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் செல்லுக்குள் மந்திரம் ஏதுமில்லை. உடம்பு அளவு மாறாமல் கொள்ளளவு மட்டும் ஒன்றரை மடங்காகாது. 1,200க்குப் பக்கத்தில் நேர்மையாகப் போட்டிருக்கும் பேட்டரியை நம்பலாம். வாங்கியதும் கேமராவில் போட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சில மாதங்களில் இறுக ஆரம்பித்தால் உப்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே ஓரம் கட்டுங்கள்; முழுக்க உப்பிய பேட்டரி உள்ளே சிக்கிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, சர்வீஸ் ஆளிடம்தான் போக வேண்டும்.

கேமராவோடு தனி சார்ஜர் வராது. மைக்ரோ யூஎஸ்பி கேபிளைக் கேமராவிலேயே செருகித்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். இரண்டு பேட்டரி வைத்திருப்பவருக்கு இது தொல்லை. இரட்டைக் குழி யூஎஸ்பி சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் பவர் பேங்கிலிருந்தே இரண்டும் நிறையும். விமானத்தில் போகும்போது உபரி பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒன்று வெறும் 4.5 வாட் மணிதான், 100 வாட் மணி வரம்புக்கு எங்கோ கீழே. ஆனாலும் முனைகள் சாவிக்கொத்தோடு உரசாமல் சின்ன உறையில் போட்டுவையுங்கள்.

கார்டு விஷயம் சுருக்கம். எக்ஸ்ஏவிசி எஸ் வீடியோ எடுப்பவர் கிளாஸ் 10 எஸ்டிஎக்ஸ்சி கார்டு, 64 ஜிபி அல்லது அதற்கு மேல், வாங்கிவிடுவது நல்லது. யூஹெச்எஸ்-2 கார்டுக்குக் காசு கொட்டினால் அந்த வேகம் இந்தக் கேமராவுக்குள் வீண். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் முதல் வேலையாகக் கார்டு நிறையும்வரை ஏதாவது காப்பி செய்து, திரும்பத் திறந்து பாருங்கள். போலிக் கார்டு பாதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி ஃபில்டர். இந்த லென்ஸின் முன்னால் மரை கிடையாது. அணைத்தால் லென்ஸ் உள்ளே போகும், இரண்டு மெல்லிய இதழ்கள் வாயை மூடிக்கொள்ளும். ஃபில்டரைத் திருகி மாட்ட இடமே இல்லை. அதனால் வந்ததுதான் ஒட்டு வளையம். சோனியின் விஎஃப்ஏ-49ஆர்1 ஒரு வழி: ஒரு வளையத்தை லென்ஸின் முகப்பில் ஒட்டிவிட்டு, அதன்மேல் 49 மி.மீ. ஃபில்டர் பிடிக்கும் அடாப்டரைத் தேவைப்படும்போது மாட்டுவது. இன்னொரு வழி காந்தம்: முகப்பில் மெல்லிய இரும்பு வளையம் ஒட்டியிருக்கும், ஃபில்டரைப் பக்கத்தில் கொண்டுபோனால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும். என் ஓட்டு காந்தத்துக்கு. தெருவில் நடந்துகொண்டே மாட்டவும் கழற்றவும் அதுதான் தோது. கூட்டத்தில் யாராவது இடித்தால் ஃபில்டர் கழன்று விழும் என்பது அதன் குறை. ஆனால் இடிபடும்போது ஃபில்டர் கழலாமல் லென்ஸின் மோட்டார் பாரத்தை வாங்குவதைவிட அது மேல்.

ஒட்டும் வேலையில் அவசரம் கூடாது. முகப்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. கேமராவை ஆன் செய்து லென்ஸை வெளியே வரவிட்டு, வளையத்தை ஒட்டாமலேயே வைத்து நடுவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் மூடும் இதழில் உரசலாம். ஒட்டியபின் உடனே ஃபில்டரை மாட்டிச் சோதிக்கக் கூடாது. இவ்வகைப் பசை முழுப் பிடிமானத்துக்கு வர அறை வெப்பத்தில் 72 மணி நேரம் எடுக்கும். ஒரு நாள் கழிந்தாலே பெரும்பாலும் இறுகிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எந்த ஃபில்டரை மாட்டுவது? யூவி ஃபில்டர் வேண்டாம். லென்ஸைக் காக்க கேமராவிலேயே கதவு இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கண்ணாடி வைத்தால் விளக்குகளின் பேய்ப் பிம்பம்தான் மிச்சம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கேமராவுக்குள்ளேயே 3 ஸ்டாப் என்டி இருக்கிறது; பலர் அதை மெனுவில் தேடிப் பார்ப்பதில்லை. ஆகவே அதே 3 ஸ்டாப்பைக் குறைக்கும் என்டி8 வாங்குவது ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்குவது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 125, எஃப்11 வைத்தால் ஷட்டர் 1/250 நொடி. உள் என்டியைப் போட்டால் 1/30. அலை பஞ்சாகத் தெரிய ஒன்றிரண்டு நொடி வேண்டும். உள் என்டியோடு என்டி64உம் வைத்தால் 2 நொடி கிடைக்கும். ஆனால் எஃப்11 இந்தச் சின்ன சென்சாரில் படத்தை மழுக்கும். எஃப்5.6இலேயே நின்று, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைக்குப் போனால் அதே என்டி64 கூர்மையும் கெடாமல் வேலையை முடித்துத் தரும். வாங்குவதானால் இந்த ஒன்று போதும்.

போலரைஸர் எனக்குப் பிடித்த ஃபில்டர், மென்பொருளால் ஈடுகட்ட முடியாதது. தெப்பக்குளத்தின் நீர்ப்பரப்பில் வானம் பளபளக்கிறது, அடியில் இருக்கும் படிக்கட்டு தெரியவில்லை என்றால் இதைச் சுற்றினால் தெரியும். நீரை ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் பார்க்கும் கோணத்தில் விளைவு உச்சம். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. கடைக் கண்ணாடிக்கும் மழையில் நனைந்த இலைக்கும் இதே விதி. உலோகத்தின் மினுக்கம் மட்டும் இதற்கு மசியாது. குத்துவிளக்குக் கடையில் பித்தளைப் பளபளப்பை அடக்கலாம் என்று எடுத்துப்போனால் ஏமாற்றம்தான். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்றுவிடும், 24 மி.மீ.இல் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர் என்று திட்டுத்திட்டாக வரும். 35 மி.மீ. தாண்டிப் பயன்படுத்துவது உத்தமம்.

குளோஸப் லென்ஸ் செட் என்று +1, +2, +4, +10 நான்கு கண்ணாடியை ஒரு பர்ஸில் வைத்து விற்கிறார்கள். டயாப்டர் எண்ணால் 1 மீட்டரை வகுத்தால் கிடைப்பதுதான் அந்தக் கண்ணாடி ஃபோகஸ் ஆகும் தூரம். +1 என்றால் 1 மீட்டர், +2 என்றால் அரை மீட்டர். கேமராவோ 70 மி.மீ.இல் தானாகவே 30 செ.மீ. வரை நெருங்கும்! +1 கண்ணாடியும் +2 கண்ணாடியும் பர்ஸை நிரப்பத்தான். +10 ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரங்களில் ஊதாக் கோடு போடும். உருப்படியானது ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற +8 லென்ஸ். மூன்று கண்ணாடிகள் சேர்ந்து நிறச்சிதறலைத் திருத்துகின்றன. 70 மி.மீ.இல் இதை முன்னால் வைத்தால் பூவிலிருந்து 12 செ.மீ. தள்ளி நின்று, ஆறேழு செ.மீ. அகலப் பரப்பைச் சட்டத்துக்குள் அடக்கலாம். இல்லாவிட்டால் அது 14 செ.மீ.க்கு மேல்.

24 மி.மீ.இல் 5 செ.மீ. வரை கேமரா நெருங்குமே, அது போதாதா என்றால், அவ்வளவு கிட்டத்தில் கேமராவின் நிழலே பூமேல் விழும். வண்ணத்துப்பூச்சி உங்களுக்காகக் காத்திருக்காது. ரேனாக்ஸ் கொஞ்சம் கனம் என்பதால் காந்தத்திலோ அடாப்டரிலோ தொங்கவிடாமல் இடது கையால் லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எடுக்கிறேன். வேடிக்கையாகத் தெரியும். மோட்டார் தப்பிக்கும்.

ட்ரைபாடில் ஒரு வடிவமைப்புச் சிக்கல் உண்டு. திருகு துளை கேமராவின் அடியில், பேட்டரி கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அகலமான பிளேட்டைத் திருகினால் கதவு திறக்காது. கார்டு மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். தலைப்பாகம் சிறியதாக உள்ள மேஜை ட்ரைபாடே இதற்குப் பொருத்தம். மான்ஃப்ரோட்டோ பிக்ஸி மாதிரியான ஒன்று கைப்பையில் பேனாவோடு கிடக்கும். ரிமோட் தேவையில்லை, 2 நொடி டைமர் போதும்.

ஃப்ளாஷுக்குச் செலவே கிடையாது. முந்தைய ஆர்எக்ஸ்100 எம்2வில் மேலே ஹாட் ஷூ இருந்தது. எம்3இல் அந்த இடத்தை வியூஃபைண்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். வெளி ஃப்ளாஷ் மாட்ட வழியில்லை. ஆனால் உள்ளிருந்து எழும் குட்டி ஃப்ளாஷ் ஸ்பிரிங்கில் நிற்கிறது. ஆள்காட்டி விரலால் மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் கூரையில் பட்டு மென்மையாக இறங்கும். ஐஎஸ்ஓ 800க்கு மேல் வையுங்கள். வெள்ளைக் கூரை உள்ள வீட்டுப் பிறந்தநாள் விழாவில் அருமை. கல்யாண மண்டபத்தின் உயரமான கூரைக்கு இந்த வெளிச்சம் எட்டவே எட்டாது.

தோல் உறை பார்க்கப் பணக்காரத்தனம். ஐப்பசி மழையில் அதுவே பூஞ்சைக்கு வீடு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு லென்ஸுக்கு வலை பின்னித் தரும். வெளியே போகும்போது ஒரு மெல்லிய துணிப் பை, வீட்டில் காற்றுப் புகாத டப்பா, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் சட்டியில் லேசாகச் சூடாக்கினால் ஈரம் போய்ப் பழைய நிறத்துக்குத் திரும்பும். பாச்சை உருண்டை மட்டும் பக்கத்தில் வேண்டாம்.

கேமராவை விற்கும்போது முகப்பில் ஒட்டிய வளையம் வாங்குபவரை யோசிக்கவைக்கும். கழற்ற நினைத்தால் கத்தி, பிளேடு எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஹேர் டிரையரைத் தள்ளி வைத்து இளஞ்சூடு காட்டி, பல்லிடுக்கு நூலை வளையத்துக்கும் முகப்புக்கும் நடுவே செலுத்தி, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தால் பசை மெல்ல விட்டுக்கொடுக்கும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுத்துவிட்டு, அதே ஆல்கஹால் துணியால் ஒரு தடவை துடைத்துவிடலாம். இதழ்கள் மூடியிருக்கும்போது செய்தால் பசைத் துணுக்கு கண்ணாடியில் ஒட்டாது.