ஒட்டு: ஒரே சொல், மூன்று சரக்கு

போன மாதம் வேடசந்தூர் பக்கம் பெரியப்பாவின் சப்போட்டா தோப்புக்குப் போயிருந்தேன். வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறது. மூன்று மரங்களில் மட்டும் பாதிக் கிளைகளில் இலை சிறுத்து, நுனி லேசாகப் பிளந்தாற்போல இருந்தது. காய் வேப்பம்பழ அளவுதான், மஞ்சளாக. “ஒட்டு ரகம்ல, ரெண்டு சாதியும் கலந்து மரமே மாறிப்போச்சுடா” என்றார் பெரியப்பா. கன்று வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, “ஒட்டுன்னா அப்படிக் கலந்து வரத்தாங்கய்யா செய்யும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

எதுவும் கலக்கவில்லை. சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின் மேல் ஒட்டுக் கட்டுவது நம் பக்கம் பழைய வழக்கம். பாலை நம் வறண்ட காட்டு மரம், காய்ச்சல் தாங்கும். அடிமரத்தில் மண்ணை ஒதுக்கிப் பார்த்தோம். சிறிய இலைக் கிளைகள் எல்லாமே ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தன. வேர்ச்செடி துளிர்த்துத் தன் போக்கில் பாலையாக வளர்ந்திருக்கிறது, மேலே இருந்த சப்போட்டா ஒடுங்கியிருக்கிறது. அவ்வளவுதான். அந்தத் துளிரை அப்போதே கிள்ளியிருந்தால் மூன்று மரமும் தப்பியிருக்கும். ஏன் கிள்ளவில்லை? “ஒட்டுல வர்றதுதானேன்னு விட்டுட்டேன்.”

இந்தப் பதிவு அந்தச் சொல்லைப் பற்றியது. நம் வேளாண் கையேடுகளும் விதைக்கடை அட்டைகளும் ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கின்றன. மாங்கன்றில் ஒட்டு என்றால் ஒரு செடியின் தண்டை இன்னொன்றின் வேரில் இணைப்பது. மக்காச்சோளத்தில் ‘வீரிய ஒட்டு ரகம்’ என்றால் இரண்டு ரகங்களை மகரந்தத்தால் சேர்த்து எடுத்த விதை. முதலாவதில் இரண்டு உயிர்கள் ஒட்டி நிற்கின்றன, கலப்பதில்லை. இரண்டாவதில் ஒவ்வொரு செல்லிலும் இரண்டும் கலந்திருக்கின்றன. நேர் எதிரான இரண்டு காரியத்துக்கு ஒரே பெயர்.

“இடத்தைப் பார்த்து விவசாயி புரிஞ்சுக்குவான், நீங்க ஏன் சொல்லாராய்ச்சி பண்றீங்க?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். புரிந்துகொள்ள முடியாத இடம் இப்போது வந்துவிட்டது. சுண்டைக்காய் வேரில் கத்தரியை ஒட்டிக் கன்று தருகிறார்கள். வீரிய ஒட்டுக் கத்தரி விதையும் விற்கிறது. இரண்டுக்கும் பேச்சில் ‘ஒட்டுக் கத்தரி’தான். விதை எடுத்து மறுபடி விதைக்கலாமா என்று ஒருவர் கேட்டால் என்ன பதில்? சுண்டை வேரில் நாட்டுக் கத்தரியை ஒட்டியிருந்தால் அதன் விதை நாட்டுக் கத்தரி விதைதான், சுண்டையின் சாயலே இருக்காது, தாராளமாக எடுக்கலாம். வீரிய ஒட்டாக இருந்தால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு மாதிரி வரும், எடுத்தால் நஷ்டம். சொல் ஒன்றாக இருப்பதால் ஒருவர் எடுக்க வேண்டிய விதையை விடுகிறார், இன்னொருவர் விட வேண்டியதை எடுக்கிறார்.

சரி, ஒட்டில் இரண்டும் சேர்ந்து வருவதே கிடையாதா? உண்டு, அபூர்வமாக. 1644இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத் தோட்டம் ஒன்றில் ‘பிஸ்ஸாரியா’ என்ற மரம் தோன்றியது. புளி ஆரஞ்சும் சிட்ரானும் ஒட்டிய இடத்தில் முளைத்த துளிர் அது. ஒரே மரத்தில் ஆரஞ்சு, சிட்ரான், இரண்டும் பட்டை பட்டையாக இருக்கும் பழம் என மூன்றும் காய்த்தன. 1825இல் பாரிஸ் அருகே ஆதாம் என்ற நர்சரிக்காரரிடம் மஞ்சள் பூ லாபர்னமும் ஊதாப் பூ சைட்டிசஸும் சேர்ந்த ஒரு மரம் இதேபோல் வந்தது. 1868இல் வெளிவந்த தன் நூலில் டார்வின் இவற்றை நிஜக் கலப்பினங்களாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய பரம்பரைக் கொள்கைக்கு அது தோதாகவும் இருந்தது. பெரியப்பா செய்த அதே தவறை டார்வினும் செய்தார் என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் ஜெர்மானியர்கள். தக்காளியையும் மணத்தக்காளி இனச் செடியையும் ஒட்டிப் பார்த்த ஹான்ஸ் விங்க்லர் 1907இல் ‘கைமீரா’ என்று பெயர் வைத்தார். 1909இல் எர்வின் பௌர் விளக்கம் தந்தார்: தோல் ஒரு செடியுடையது, உள்ளே இருப்பது இன்னொன்று. சட்டையும் உடம்பும் மாதிரி. ஆதாமின் மரத்து விதையைப் போட்டால் வெறும் லாபர்னம்தான் முளைக்கும், ஏனென்றால் விதை உள் அடுக்கிலிருந்து வருகிறது.

வகைப்பாட்டியல் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. மகரந்தத்தால் கலந்ததற்கு × குறி, ஒட்டில் பிறந்த கைமீராவுக்கு + குறி. அழகான உதாரணம் எலுமிச்சைக் குடும்பத்திலேயே உண்டு. பெரிய கடைகளில் விற்கும் மஞ்சள் லெமன், புளி ஆரஞ்சும் சிட்ரானும் விதைவழி கலந்து பிறந்தது. பிஸ்ஸாரியாவும் அதே இரண்டு பேர்தான், ஆனால் ஒட்டில் சேர்ந்தவர்கள். பெற்றோர் ஒன்று, சேர்ந்த விதம் வேறு, அதனால் மரமும் வேறு. அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் நம் ‘ஒட்டு’ விழுங்கிவிடுகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2014இல் ரால்ஃப் போக்கின் ஜெர்மன் ஆய்வுக்குழு, இரண்டு புகையிலை இனங்களை ஒட்டி, முடிச்சில் உட்கருவின் மரபணுத் தொகுதியே செல் விட்டுச் செல் நகர்வதைக் காட்டியது. அந்தச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்ததில் புது இனமே கிடைத்தது. ஆகவே ‘ஒட்டில் கலக்கவே கலக்காது’ என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அது ஆய்வகத்தில் தேடித் தேடிப் பொறுக்கியது. வேடசந்தூர் வெயிலில் மூன்று மரத்துக்கு ஒரே நேரத்தில் தானாக நடக்காது.

என் கோரிக்கை பெரிதல்ல. இணைத்துக் கட்டுவதற்கு மட்டும் ஒட்டு என்று சொல்லுவோம். மகரந்தத்தால் சேர்த்ததைக் கலப்பினம் என்போம், மாட்டுக்கு அப்படித்தானே சொல்கிறோம். மூன்றாவது அபூர்வம் கைமீராவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கையேடு அச்சடிப்பவர்கள் இந்த மூன்றையும் பிரித்து எழுதினாலே போதும்.

பெரியப்பா இரண்டு மரங்களில் பாலைக் கிளைகளை அடியோடு வெட்டிவிட்டார். மூன்றாவதில் சப்போட்டா மிச்சமில்லை. அதன் பாலைத் துளிரிலேயே புதிதாக ஒட்டுக் கட்டப் போகிறோம். “இந்த வாட்டி கீழ வர்றத நானே கிள்ளிடுறேன்” என்றிருக்கிறார்.